கடுக்காய் பூசியவர்களும் கடுக்காய் கொடுத்தவர்களும்

திண்டுக்கல்லில் தோல் என்ற சொல்லுக்கு நெடுங்காலம் தொழில் என்றே பொருள். பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளையும், அவற்றின் சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி வேலை பார்த்தவர்களையும் வைத்து டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அந்த ஷாப்புகளின் பழைய செய்முறையில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் பதப்படுத்துவார்கள். சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவில் காய்ந்து கிடக்கும் இந்தச் சமவெளியில் ஆவாரை யாரும் நடாமலே மண்டுகிற செடி, பட்டைக்குப் பஞ்சமில்லை. அதில் பதமான தோல் வெளிர் மஞ்சளாக வெளியே வரும். ஆனால் அப்படியே வெளிச்சத்தில் கிடந்தால் நாளடைவில் சிவந்து போகும்; விலையும் இறங்கும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை போட்டெடுப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு ஏறிய தோல் வெளிச்சத்துக்கு எளிதில் நிறம் மாறாது. நிறத்தைக் காக்க வேண்டுமென்றால் முதலில் வெளிச்சத்துக்கு வழி பார்க்க வேண்டும் என்பது ஷாப்புக்காரரின் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு.

இதே ஊரிலும் சுற்றுப்புறத்திலும் முகத்தில் மங்கு விழுந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியங்களின் வரலாற்றைப் பார்த்தால் அந்த அறிவைக் காணோம். கன்னமேட்டிலும் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் மேலுதட்டிலும் காப்பிப்பொடி நிறத்தில் படர்கிற திட்டுகளைத்தான் மங்கு என்கிறோம், மருத்துவத்தில் மெலாஸ்மா. பெண்களுக்கே அதிகம் வருகிறது. கர்ப்பகாலமும் கருத்தடை மாத்திரையும் அதைத் தூண்டும், குடும்பவழியிலும் வரும். ஆனால் மூட்டமாகக் கிடப்பதை எரியவிடுவது வெளிச்சம். கடந்த நூறு ஆண்டுகளில் அரைத்துப் பூசியது, டப்பாவில் வந்தது, பாக்கெட்டில் வந்தது, டியூபில் வந்தது என்று எத்தனையோ மருந்துகள் மாறின. அவை அனைத்தும் கேட்ட கேள்வி ஒன்றே: இருக்கிற கருமையை எப்படி எடுப்பது? கருமையை மறுபடி மறுபடி உண்டாக்குகிற வெளிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி கடைசி வரிசையில் நின்றது. எந்த மருந்து சிறந்தது என்று ஒப்பிடுகிறவர்கள் இந்த வரிசைமாற்றத்தைக் கவனிக்காவிட்டால் ஒப்பீடு முழுவதும் கோணலாகிவிடும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தமிழில் நிறத்தைப் பற்றிய பழைய பேச்சு இன்றைய விளம்பரப் பேச்சுக்கு நேர் எதிரானது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை. மாந்தளிரின் கருமை கலந்த நிறம். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை கெட்டு உடம்பில் பசலை படரும். வெளிறுவதுதான் நோய், கருமை திரும்புவதுதான் குணம். மேனியில் படரும் சுணங்கையும் தேமலையும்கூட அழகென்றே புலவர்கள் பாடினார்கள். இதை வைத்துக்கொண்டு, நம்மிடம் நிறவெறியே இருந்ததில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று முடிப்பது அவசரம். சாதியும் வெயிலில் உழைக்கும் உடம்பும் கருப்பு நிறமும் ஒன்றோடொன்று பிணைந்தது ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நடந்த கதை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். ‘மங்கு’ என்ற சொல் ஒளி குறைவதைக் குறிக்கிறது, கருப்பைக் குறிக்கவில்லை. ஒரு முகத்தில் ஒரு பகுதி மட்டும் மற்ற பகுதியோடு சேராமல் மங்குவது அந்தச் சொல்லின் பொருள். முகம் முழுவதும் வெளுக்க வேண்டும் என்ற ஆசை வேறு, திட்டு மறைந்து முகம் தன் சொந்த நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற தேவை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கியது பிற்கால வியாபாரம்.

வீட்டு வைத்தியத்திலிருந்து தொடங்கலாம். ஜாதிக்காயைக் கல்லில் இழைத்துப் பூசுவது, கஸ்தூரி மஞ்சள், காயவைத்த ஆரஞ்சுத் தோல், ஆவாரம்பூப் பொடி, எலுமிச்சைச் சாறு, எல்லாவற்றுக்கும் மேலாக நலங்கு மாவு. இவை செலவில்லாதவை, இயற்கையானவை, கெடுதல் செய்யாதவை என்ற நம்பிக்கை இன்றும் உறுதியாக இருக்கிறது. பாதி உண்மைதான். இந்தச் சரக்குகளில் சிலவற்றுக்கு அறிவியல் ஆதரவும் உண்டு. நாட்டு மருந்துக்கடையில் இருமலுக்கு வாங்கும் அதிமதுர வேரிலுள்ள ஒரு பொருள், தோலில் நிறமி செய்கிற டைரோசினேஸ் என்ற நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. இன்று விலையுயர்ந்த பூச்சுகளிலும் அது சேர்க்கப்படுகிறது. மறுபாதியைத்தான் யாரும் பேசுவதில்லை. நலங்கு மாவில் பலரும் சேர்க்கிற கார்போக அரிசியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கருப்பாக, சிறுநீரக வடிவில், சற்றே பிசுபிசுப்போடு வாசம் வீசும் சின்ன விதை. அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டபின் வெயில் பட்டால் தோல் கருக்கும். அந்தக் குணத்துக்காகவே வெண்புள்ளிக்கு மருந்தாக அதைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். வெண்புள்ளியைக் கருப்பாக்கும் சரக்கை மங்கு போகும் மாவில் அரைத்துச் சேர்ப்பது எவ்வளவு முரண்! எலுமிச்சையிலும் இதே வகைப் பொருள் உண்டு. சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் நடந்தால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். ஜாதிக்காயை அழுத்தித் தேய்த்தால், அந்தத் தேய்ப்பே நம் நிறத் தோலில் புதிய கருமையை விட்டுச் செல்லும். ஆக, பழைய வைத்தியத்தின் குறை அது பழையது என்பதில் இல்லை. பூசியபின் வெயிலில் போகலாமா என்று அது பெரும்பாலும் கேட்கவில்லை என்பதில் இருக்கிறது.

அடுத்து வந்தது கடைச்சரக்கு. 1919இல் பம்பாயில் ஈ. எஸ். பாட்டன்வாலா அறிமுகப்படுத்திய ஆப்கான் ஸ்னோ இந்தியாவின் முதல் பெரிய முகப்பூச்சுகளில் ஒன்று. அதன் பிறகு தமிழில் ஸ்னோ என்பது ஒரு பொருளின் பெயராகவே ஆனது. ஸ்னோவும் பவுடரும் செய்தது பெரும்பாலும் மேல்பூச்சு வேலை. முகம் கழுவினால் போய்விடும். நிறமியை உள்ளே புகுந்து தாக்கும் மருந்து தோன்றிய இடம் வியப்பானது. அது ஒரு தோல் ஷாப்பு. அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்த தொழிலாளர்கள் பலருக்குக் கையும் முன்கையும் வெள்ளைத் திட்டுகளாக வெளுத்துப் போயின. அவர்களில் கறுப்பினத்தவர் பலர். கையுறை ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த, ஹைட்ரோகுவினோன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள்தான் காரணம் என்று 1939இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு தொழிற்சாலையில் தொழிலாளிக்கு நேர்ந்த கேடு, வேறோரிடத்தில் அழகு மருந்துக்கான யோசனையாக மாறியது. கையுறையில் இருந்த பொருள் நிரந்தர வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கியதால் மங்குக்கு உதவவில்லை. அதன் மென்மையான உறவான ஹைட்ரோகுவினோன் 1960களில் மங்கு சிகிச்சையின் மையத்துக்கு வந்தது. திண்டுக்கல் ஷாப்புக்காரர் தோலின் நிறத்தைக் காக்கக் கடுக்காயைத் தேடியபோது, உலகம் இன்னொரு தோல் ஷாப்பின் விபத்திலிருந்து நிறத்தை அழிக்கும் வழியைக் கற்றுக்கொண்டது.

இந்த வரலாற்றில் 1975 ஒரு திருப்பம். ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மீது நடத்திய பரிசோதனைகளுக்காகப் பின்னாளில் கடுமையாக விமர்சிக்கப்பட்ட ஆல்பர்ட் கிளிக்மன், தன் சகாவோடு சேர்ந்து அந்த ஆண்டில் ஒரு கலவையை வெளியிட்டார்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. இன்றுவரை மங்குக்கு எழுதிக் கொடுக்கப்படும் மும்மருந்துப் பூச்சுகளுக்கெல்லாம் அதுதான் தாய். அதே ஆண்டில் இந்தியாவில் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த நியாசினமைடு, நிறமி மேல்தோலுக்கு ஏறிப் பரவுவதைக் குறைக்கும் மென்மையான பொருள். அதே 1975இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஃபின்ட்லே என்ற தோல் மருத்துவரும் கூட்டாளிகளும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்புப் பூச்சுகளை நீண்டகாலம் பூசிய பெண்களின் முகம் வெளுக்காமல் நீலங்கலந்த கருமையாகச் சொரசொரத்துப் போனதை அவர்கள் விவரித்தார்கள். வெயில் பட்ட இடங்களில்தான் அந்தச் சேதம் மிகுதி. மருந்து, வியாபாரம், எச்சரிக்கை மூன்றும் ஒரே ஆண்டில் வந்தும் முதலிரண்டுதான் நம் கடைகளுக்கு விரைவாக வந்து சேர்ந்தன. மூன்றாவது மருத்துவ இதழிலேயே தங்கிவிட்டது.

கடைக்கு வந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனது பாக்கெட். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைப் பரப்பியவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் தொடங்கிய நிறுவனம் 1998இல் குங்குமப்பூவையும் பாலையும் சொல்லி ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. மொத்தமாகப் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் சிவப்பழகு எட்டும் விலைக்கு வந்தது. இந்தப் பூச்சுகளின் பெரிய கேடு அவற்றின் வேதிப்பொருளில் இல்லை; எதிர்பார்ப்பை அவை ஏற்றிவிட்டதில் இருந்தது. சில வாரங்களில் முகம் வெளுக்கும் என்று விளம்பரம் சொன்னது. நியாசினமைடு அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. ஏமாந்தவர்கள் வேகமாக வேலை செய்கிற ஒன்றைத் தேடினார்கள். மருந்துக்கடையில் அது இருந்தது: எக்சிமாவுக்கும் அரிப்புக்கும் கொடுக்க வேண்டிய ஸ்டீராய்டு டியூப். ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, நிறமி செல்களை அடக்கி, சில நாளிலேயே முகத்தை வெளுப்பாகக் காட்டும். பிறகு தோல் மெலியும், பரு வெடிக்கும், மயிர் முளைக்கும், நரம்புபோலச் சிவந்த இழைகள் தெரியும். நிறுத்தினால் எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். 2011இல் வெளியான பல நகர ஆய்வொன்று முகத்தில் தோல்நோயோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்ததில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 29 சதவீதம் பேர் சிவப்பழகுக்காகவோ பொதுப் பூச்சாகவோ பயன்படுத்தியவர்கள். 59 சதவீதம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது மருத்துவர் அல்லாதவர். வீரியம் மிகுந்த வகைகள் கிராமத்திலும் புறநகரிலும்தான் அதிகம். கடுக்காய் கொடுப்பது என்று தமிழில் ஏமாற்றுவதைச் சொல்வோம். இது அந்தக் கணக்கில் சேர வேண்டியது.

சட்டம்தான் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது உண்மை. வெளிப்பூச்சு மருந்துகளுக்கு இருந்த ஓட்டையை அடைத்து, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. சென்னையிலிருந்து 2009இல் தொடங்கிய ‘கருப்பே அழகு’ என்ற பொருள்படும் இயக்கம் போன்றவை கொடுத்த அழுத்தத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒரு வாசலைச் சாத்தினால் வேகத்துக்கு ஆசைப்படும் வியாபாரம் இன்னொரு வாசலைத் திறக்கும். பாதரசத்தைப் பாருங்கள். டைரோசினேஸ் நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். பாதரசம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிறமி உற்பத்தியை முடக்கும். மினமாட்டா உடன்படிக்கையை 2018இல் இந்தியாவும் ஏற்றது. முகப்பூச்சுகளில் பாதரசம் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. இருந்தும் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேரிடம் அரிதான ஒரே கூறு தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுப் பூச்சு பூசியவர்கள். முகத்தில் தடவியது சிறுநீரகத்தில் போய் நின்றது.

இப்படிச் சொன்னால் எல்லா மருந்தும் மோசம் என்று நான் வாதாடுவதாகத் தோன்றலாம். அது சரியல்ல. முறையாகப் பரிசோதிக்கப்பட்ட மருந்துகளுக்கு உண்மையான பலன் உண்டு. கிளிக்மனின் வழிவந்த மும்மருந்துப் பூச்சை 2003இல் வெளியான ஆய்வில் 641 பேரிடம் 8 வாரம் சோதித்தார்கள். மூன்றும் சேர்ந்த பூச்சைப் பூசியவர்களில் 26 சதவீதம் பேருக்கு மங்கு முழுவதும் போனது. இரண்டிரண்டாகச் சேர்த்த பூச்சுகளில் 5 சதவீதம்கூடத் தேறவில்லை. வேகத்தில் இன்னும் அதுவே முதல். ஆனால் அதில் ஸ்டீராய்டு இருப்பதால் வாரக்கணக்கோடு நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் என்ன என்பதுதான் கேள்வி. மெதுவாகப் போகும் மருந்துகளில் அசிலெயிக் அமிலத்தின் பிறப்பு சுவையானது. தேமல் விழுந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று ஆராய்ந்தபோது, தேமலை உண்டாக்கும் பூஞ்சை செய்யும் அமிலங்களில் ஒன்றாக அது கண்ணில் பட்டது. புலவர்கள் அழகென்ற தேமல், மருத்துவருக்கு மருந்து காட்டியது. ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி 1962இல் ரத்தப்போக்கை நிறுத்தக் கண்டுபிடித்த டிரானெக்சாமிக் அமிலம், 1979இல் தடிப்புக்குக் கொடுத்தபோது மங்கையும் குறைத்தது தற்செயல். ரத்தம் உறைவதில் சிக்கல் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆபத்து என்பதால் கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல. லேசரும் அமில உரிப்பும் நம் நிறத் தோலில் கவனமில்லாமல் செய்தால், சுட்ட இடத்திலேயே புதிய கருமை வரும். ஒவ்வொன்றுக்கும் பலமும் விலையும் வேறு. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாம் ஒன்று: வெளிச்சத்தைக் கவனிக்காவிட்டால் மங்கு திரும்பி வரும்.

ஆட்டுத்தோலையும் உயிருள்ள முகத்தையும் ஒப்பிடலாமா என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயம்தான். பதனிட்ட தோல் செத்த தோல். அதில் நிறம் மாறுவது பட்டையின் துவர்ப்புச் சத்து செய்யும் வேலை. முகத்துத் தோல் உயிருள்ளது. வெளிச்சம் பட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே நிறமி செய்கிறது. ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. உயிருள்ள தோலுக்கு நிறமி என்பது குடை. வெயிலை அப்படியே விட்டுக் குடையை மட்டும் பிடுங்கினால், தோல் இன்னொரு குடையை விரிக்கும். இதற்குச் சான்றும் இருக்கிறது. மொராக்கோவில் 2007இல் வெளியான ஆய்வில் 185 கர்ப்பிணிகள் கர்ப்பகாலம் முழுவதும் சன்ஸ்கிரீன் பூசினார்கள். புதிதாக மங்கு வந்தது 5 பேருக்கு மட்டும்; முன்பு அதே சூழலில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்திருந்தது. பூசாத ஒரு குழுவைக் கூடவே வைத்து ஒப்பிடாதது அந்த ஆய்வின் குறை. ஆனாலும் வித்தியாசம் சிறியதல்ல. 2014இல் மெக்சிகோ ஆய்வு இன்னொரு படி போனது. 61 பேருக்கும் ஒரே ஹைட்ரோகுவினோன் கொடுத்து, ஒரு பாதிக்குச் சாதாரண சன்ஸ்கிரீனும் மறுபாதிக்கு இரும்பு ஆக்சைடு சேர்த்த சன்ஸ்கிரீனும் தந்தார்கள். 8 வாரத்தில் இரண்டாம் பாதியினரின் மங்கு கூடுதலாகக் குறைந்தது. காரணம், நம் போன்ற நிறத் தோலில் மங்கைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. கோயில் மதிலில் சுண்ணாம்புக்குப் பக்கத்தில் பட்டையடிக்கிறோமே, அந்தக் காவிக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். நூறாண்டாக நிறத்தை எடுக்க அலைந்த மருத்துவம் கடைசியில் நிறத்தைப் பூசித் தடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

கருப்புத் தோலுக்கு வெயில் பாதுகாப்பு எதற்கு, அதுவே இயற்கைக் காப்பல்லவா என்பது பரவலான மறுப்பு. நிறமி தோலை வெந்துபோகாமல் ஓரளவு காக்கும், தோல் புற்றுநோயைக் குறைக்கும், உண்மை. ஆனால் மங்கு என்பது அந்தக் காப்பே மிகையாக வேலை செய்வது. இன்னும் வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. வேடசந்தூர்ப் புகையிலைக் காட்டிலும் ஒட்டன்சத்திரம் காய்கறித் தோட்டத்திலும் கூலி வேலை செய்கிற பெண்ணிடம், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நிறமிட்ட சன்ஸ்கிரீன் பூசு என்பது வேடிக்கையான அறிவுரை. ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் அந்தப் பெண்கள் செய்வதைக் கவனித்தால் பதில் அங்கேயே இருக்கிறது. சேலைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டை முறுக்கிக் கட்டிய கட்டு. கைக்கும் கழுத்துக்கும் அது சரியான கவசம். விடுபட்டுப் போவது கன்னமேடும் மூக்குத்தண்டும், மங்கு விழும் அதே இடம். துண்டை நெற்றிக்கு முன்னால் தாழ்த்தி இழுத்தாலோ அகல விளிம்புத் தொப்பி ஒன்று சேர்ந்தாலோ பாதி வேலை முடிந்தது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்கள் மொட்டு விரியுமுன் விடியலில் இறங்கிவிடுகிறார்கள். அது பூவுக்காக வகுத்த நேரம். முகத்துக்கும் நல்ல நேரம். எல்லா வேலைக்கும் அப்படி நேரம் மாற்ற முடியாதுதான். ஆனால் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமே வேலையிடத்தில் தண்ணீரோடு ஓய்வுக்கு நிழலும் இருக்க வேண்டும் என்று எழுதியது. நிழலை ஒரு சலுகையாகப் பார்க்காமல் மருந்தாகப் பார்த்தால் அந்த வரியின் எடை புரியும்.

கடைசி மறுப்பு அடிப்படையானது. கருப்பே அழகு என்று சொல்லிவிட்டு மங்குக்கு மருந்து தேடுவது முரணல்லவா? இரண்டையும் ஒன்றாக்கியது வியாபாரம் என்று முன்பே பார்த்தோம். சொந்த நிறத்தை மாற்றத் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்கிறவரே, திட்டாகப் படரும் நோயைக் குணப்படுத்து என்று கேட்கலாம். மேலும், முகம் கருப்பதெல்லாம் மங்கும் அல்ல. கழுத்தும் கன்னப்பொட்டும் வெல்வெட்டுபோலத் தடித்துக் கருத்தால் அது சர்க்கரை நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். தலைச்சாயத்தின் ஒவ்வாமையும் வைட்டமின் பி12 குறைவும்கூட முகத்தைக் கருக்கவைக்கும். டியூபை வாங்கிப் பூசுகிறவருக்கு இந்தச் செய்திகள் மறைந்து போகின்றன. திண்டுக்கல்லுக்கென்று அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தது. மருந்துக்கடையோ எப்போதும் தெருமுனையில் இருந்தது. முகம் எந்த வழியில் போனது என்பதில் அந்தத் தூரத்துக்கும் பங்கு இருந்திருக்கும்.

ஆக, எந்த மருந்து சிறந்தது என்ற கேள்விக்கு வரலாறு தரும் பதில் ஒரு வரிசை. முதலில் வெளிச்சத்துக்குத் தடை: துணி, தொப்பி, நிழல், முடிந்தவருக்குக் காவி நிறச் சன்ஸ்கிரீன். அதன்மேல், மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் மெதுவான மருந்து. வேகமான மும்மருந்து குறுகிய காலத்துக்கு மட்டும், கண்காணிப்போடு. தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைக்குப் பதில் வாட்டில் பட்டையும், பிறகு குரோமும் வந்து பழைய செய்முறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் பாடம் மறைய வேண்டியதில்லை. ஷாப்புக்காரர் கடுக்காயைக் கடைசியில்தான் போட்டார். முகத்துக்கு வெளிச்சத் தடை என்ற கடுக்காயை முதலில் போட வேண்டும். மாற்ற வேண்டியது அந்த வரிசை மட்டுமே, கடுக்காயை விட்டுவிடக் கூடாது.